கெக் கேட்டைத் தாண்டினால் பாலிசியும் கூட வருமா? புதுச்சேரி விழா ஸ்டால்களுக்கான காப்பீட்டு அனுபவங்கள்

பாலிசி அட்டவணையில் ‘காப்பீடு செய்த இடம்’ என்று ஒரு வரி உண்டு. புதுச்சேரியில் ப்ரூவரி (பீர் தயாரிக்கும் ஆலை) நடத்துகிறவர்களின் காகிதங்களைப் புரட்டினால் அந்த வரியில் பெரும்பாலும் ஒரே ஒரு முகவரிதான் இருக்கும்: கதவு எண், தெரு, 605-ல் தொடங்கும் பின்கோடு. தொட்டி, சில்லர், மால்ட் மூட்டை, நிரப்பி வைத்த கெக் (பீர்ப் பீப்பாய்) எல்லாம் அந்த முகவரிக்குள் இருக்கும்வரை பாதுகாப்பு உண்டு. சனிக்கிழமை மத்தியானம் 12 கெக்கைக் குட்டி யானையில் ஏற்றி விழாவுக்கு அனுப்பினால், வண்டி கேட்டைத் தாண்டும்போது பாலிசியின் பெரும்பகுதி கேட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

இதை ஸ்டால் போடுகிற பலரும் நம்புவதில்லை. “வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறோமே” என்பார்கள். கட்டுவது உண்மைதான். ஆனால் சிறு ப்ரூவரிகள் வழக்கமாக எடுப்பது, ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் மதிப்பு வரைக்குமான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இது நல்ல பாலிசிதான். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதற்குள் வருகின்றன. ஆனால் அது சொத்துக்கான பாலிசி. பிறருக்கு நேரும் காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தற்காலிகமாக வெளியே கொண்டுபோகும் சரக்கு பற்றி அதில் ஒரு பிரிவு இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். அது பதப்படுத்தவும் செப்பனிடவும் வேறிடத்துக்கு அனுப்பும் சரக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விழாவில் டேப்பை (பீர் ஊற்றும் குழாயை) திறந்து விற்கப்போகும் பீரை அந்தப் பிரிவு காப்பாற்றும் என்று எண்ணிக் கிளம்ப வேண்டாம்.

முதலில் பர்மிட், பிறகு பாலிசி

காப்பீட்டுக் கட்டுரையில் கலால் துறைக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பிறருக்கு நேரும் காயத்துக்கும் நஷ்டத்துக்கும் ஈடு தரும் பொதுப் பொறுப்புப் பாலிசி எதை எடுத்தாலும் விலக்குகள் பகுதியில் ஒரு வரி இருக்கும்: சட்ட விதியைத் தெரிந்தே மீறியதால் எழும் பொறுப்புக்கு நிறுவனம் பணம் தராது. பந்தல் கம்பம் சாய்ந்து ஒருவருக்குக் கால் ஒடிந்தால், கம்பத்துக்கும் பர்மிட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வாதாடலாம். அந்த வாதம் நியாயமானதுங்கூட. ஆனால் நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்கும் காகிதம் பர்மிட்தான். அது இல்லையென்றால் மற்ற பேச்செல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும்.

புதுச்சேரி கலால் சட்டம், 1970-ன் கீழ் உங்களுக்குக் கிடைத்த உரிமம் ப்ரூவரி இருக்கும் இடத்துக்கானது. வெளியிடத்தில் விற்கத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் நான்கு விவரங்களைப் பாருங்கள்: தேதி, நேரம், எல்லை, அளவு. இந்த நான்கும் அதே வாசகத்தில் பாலிசியிலோ எண்டார்ஸ்மெண்ட்டிலோ (பாலிசியோடு நிறுவனம் இணைக்கும் திருத்தத் தாள்) இருக்க வேண்டும். பர்மிட்டில் ‘விடுதியின் பின்புறப் புல்வெளி’ என்றிருக்க, பாலிசியில் விடுதியின் முன்வாசல் கட்டடம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், புல்வெளியில் வழுக்கி விழுந்தவர் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எழும். பர்மிட் நேரம் முடிந்த பிறகும் டேப் திறந்திருந்தது கேமராவில் பதிவானால், அதற்குப் பின் நடந்த எதையும் பாலிசி ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூடும் நேரத்துக்கு 20 நிமிடம் முன்பே கடைசி ஆர்டரை நிறுத்துங்கள். காந்தி ஜெயந்தி, வள்ளலார் ஜோதி தினம், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் ஆகியவை மது விற்க முடியாத நாட்கள். விழாத் தேதியை ஒப்புக்கொள்ளும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊரின் எல்லைதான் பெரிய சிக்கல். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குப் போனால் நடுவே கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில். தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். காரைக்கால் நம்முடையதுதான் என்றாலும், சாலை வழியே போக கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் கடந்தாக வேண்டும். அனுமதி இல்லாமல் புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டு மண்ணில் கொண்டுபோவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன் கீழ் குற்றம். சரக்கோடு வண்டியும் போகும். ‘பக்கத்துலதானே, ஒரே ரோடுதானே’ என்று காலாப்பட்டு விழாவுக்குக் கெக் ஏற்றுகிறவர் இதை நினைக்க வேண்டும். அரசு அதிகாரி பறிமுதல் செய்த சரக்குக்குப் பயணக் காப்பீடு பணம் தராது. ஆரோவில் பக்கமோ கடலூர் சில்வர் பீச் பக்கமோ யாராவது விழா நடத்தி உங்களைக் கூப்பிட்டால், புதுச்சேரி உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே பீர் ஊற்ற வழியில்லை. எந்தக் காப்பீடும் அதைச் சரிசெய்யாது.

வண்டியில் இருக்கும்போது

30 லிட்டர் எஃகு கெக் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 40 கிலோ. 12 கெக் என்றால் 480 கிலோ; அதோடு பீரைத் தள்ளும் வாயு சிலிண்டர், கூலர், ஐஸ் பெட்டி. ஓட்டுநர் பிரேக் பிடித்தால் இத்தனையும் முன்னால் நகரும். நிறுத்தி வைத்துக் கயிற்றால் கட்டாமல், படுக்கப் போட்டு உருளவிட்டால் வால்வு அடிபட்டுக் கசியும்.

உள்நாட்டுப் பயணக் காப்பீட்டில் ஏ, பி, சி என மூன்று வகை வாசகங்கள். சி என்றால் தீயும் மின்னலும் மட்டும். பி-யில் மோதல், வண்டி கவிழ்தல் சேரும். ஏ எல்லா ஆபத்துக்குமானது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் கெக் கைநழுவி விழுவது இதில்தான் வரும். பிரீமிய வித்தியாசத்தைப் பார்த்துப் பி-யை எடுக்காதீர்கள். நம் ஊரில் கெக் அடிபடுவது வண்டி கவிழ்ந்து அல்ல; இறக்கும்போதுதான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதால், தாமதமாகப் போனால் கடைசி 200 மீட்டர் கைவண்டியில் தள்ள வேண்டியிருக்கும். அந்தத் தூரமும் பயணத்தில் சேரும்படி ‘ப்ரூவரி கிடங்கிலிருந்து ஸ்டால் கவுண்டர் வரை’ என்று எழுதி வாங்குங்கள்.

ஏ வகையிலும் கிடைக்காதது ஒன்றுண்டு: சூட்டில் கெட்டுப்போன பீர். பாஸ்டரைஸ் செய்யாத கிராஃப்ட் பீரை 2 முதல் 4 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மே மாதத்தில் இந்திரா காந்தி சிலை சந்திப்பில் வண்டி நின்று சூட்டில் பீர் கெட்டுப்போனால், அது தாமதத்தால் வந்த கேடு, பொருளின் இயல்பால் வந்த கேடு என்று இரண்டு விலக்குகளில் விழும். குளிர்சாதனக் கருவி பழுதானால் மட்டும் பணம் தரும் கூடுதல் பிரிவு சில நிறுவனங்களிடம் உண்டு. ஆனால் குட்டி யானையில் குளிர்சாதனமே இல்லையே. ஈரச் சாக்கும் ஐஸும் போட்டு, வெயிலுக்கு முன் ஏற்றி முடிப்பதுதான் இதற்குக் காப்பீடு.

சரக்கின் மதிப்பை எப்படி எழுதுவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். கலால் வரி கட்டிய பீர் என்றால் வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 2 லட்ச ரூபாய்ச் சரக்கை 1 லட்சம் என்று எழுதியிருந்தால், 50,000 ரூபாய் நஷ்டத்துக்கு 25,000-தான் கைக்கு வரும்.

பொதுப் பொறுப்பு: எல்லாம் இதில்தான்

விழாவில் உண்மையில் நடப்பவை சின்ன விஷயங்கள். கூலரிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பலகையில் தேங்கி ஒருவர் வழுக்கி விழுவார். மணலில் புதைந்த கண்ணாடித் துண்டு வெறுங்காலில் ஏறும். ஜெனரேட்டர் கேபிளில் தடுக்கி ஒரு பெரியவர் இடுப்பை உடைத்துக்கொள்வார். கடற்கரையில் கண்ணாடிக் கிளாஸ் வேண்டவே வேண்டாம்; ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. காகிதக் கப்போ, திருப்பி வாங்கிக் கழுவும் தடித்த கப்போதான் சரி. டேப்புக்கு முன்னால் 2 மீட்டர் அகலத்துக்கு ரப்பர் விரிப்பு, வடிநீருக்குத் தனி வாளி, கேபிளுக்கு மேல் மூடி என்று மூன்றும் இருந்தால் பாதிக் கோரிக்கைகள் பிறக்கவே பிறக்காது.

பாலிசி கேட்கும்போது எடுத்த எடுப்பிலேயே ஒரு குழப்பம் வரும். ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்றதும் சில முகவர்கள் 1991-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசியைக் கொடுத்துவிடுவார்கள். அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்கானது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சட்டம் சாராத பொதுப் பொறுப்புப் பாலிசி, அல்லது வணிகப் பொதுப் பொறுப்பு என்ற விரிவான பாலிசி. பாலிசியின் தலைப்பைப் படித்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது தொகை. ஏஓஏ என்பது ஒரு விபத்துக்கான உச்சவரம்பு. ஏஓஒய் ஓராண்டு முழுமைக்குமானது. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலும் கிடைக்கும். ஒன்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்றும் கிடைக்கும். 1 கோடிக்கு 1 கோடி என்று எடுத்தவருக்கு ஆகஸ்ட் விழாவில் பெரிய கோரிக்கை ஒன்று வந்தால், டிசம்பர் 31 இரவு ஊரே கடற்கரையில் திரளும்போது கையில் மிச்சம் எதுவும் இருக்காது. வருஷத்தில் மூன்று நான்கு விழாவுக்குப் போகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. வக்கீல் செலவும் வழக்கமாக இந்த வரம்புக்குள்ளேயே அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி மது பற்றிய வரி. இணையத்தில் ப்ரூவரி காப்பீடு என்று தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள். அங்கே பல மாநிலங்களில், போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்த கடைக்காரரை, அந்த நபர் பிறகு ஏற்படுத்தும் விபத்துக்குப் பொறுப்பாக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ‘டிராம் ஷாப்’ சட்டங்கள் என்பார்கள். அதனால் அங்கே மது வணிகம் செய்கிறவர்களுக்குச் சாதாரணப் பொறுப்புப் பாலிசியில் மதுப் பொறுப்பு விலக்கப்பட்டிருக்கும். அதைத் தனியாக வாங்க வேண்டும். இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. எனவே கவலையில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இங்கே விற்கப்படும் வணிகப் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பல, அமெரிக்க மாதிரி வாசகத்தைப் பார்த்து எழுதியவை. சட்டம் வராவிட்டாலும் விலக்கு வந்துவிட்டது: ஒருவரின் போதைக்குக் காரணமாக இருந்தது, வயது குறைந்தவருக்கோ ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கோ மது கொடுத்தது ஆகியவற்றால் எழும் பொறுப்புக்குப் பணமில்லை என்ற பத்தி அப்படியே இருக்கும். ப்ரூவரிக்கு அந்த ஒரு பத்தி பாலிசியின் உயிரையே எடுத்துவிடும். அதை நீக்கித் தரும்படியோ, மதுப் பொறுப்பைச் சேர்த்து எண்டார்ஸ்மெண்ட் தரும்படியோ எழுத்தில் கேளுங்கள். ‘ஹோஸ்ட் லிக்கர்’ என்ற பிரிவு இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது விருந்தினருக்கு இலவசமாகப் பரிமாறுகிறவருக்கானது, விற்கிறவருக்கு உதவாது.

விலக்கை நீக்கினாலும் வயது விஷயத்தில் யாரும் உங்களைக் காப்பாற்ற முடியாது. புதுச்சேரியில் 18. நுழைவாயிலில் அடையாள அட்டை பார்த்துக் கைப்பட்டை கட்டுவதை அமைப்பாளரிடம் விட்டுவிட்டு, ‘அவங்க பார்த்திருப்பாங்க’ என்று ஊற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் கவுண்டரிலும் ஒருமுறை கேளுங்கள். ஒருவருக்கு மறுத்தால் நேரம், காரணம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கு வந்தால், பொறுப்போடு நடந்தோம் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். சென்னைக்கு இரவோடு இரவாகத் திரும்ப நினைப்பவர்கள் கூட்டத்தில் எப்போதும் இருப்பார்கள். ஆட்டோ, டாக்ஸி நிற்க அமைப்பாளரிடம் இடம் கேட்டு வாங்குவதும் உங்கள் தற்காப்பில் சேரும்.

அமைப்பாளரின் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது நிதானமாகப் படியுங்கள். ‘ஸ்டாலில் அல்லது அதையொட்டி நடக்கும் அனைத்துக்கும் ஸ்டால்தாரரே பொறுப்பு, அமைப்பாளருக்கு ஏற்படும் எந்த நஷ்டத்தையும் அவரே ஈடுகட்ட வேண்டும்’ என்று ஒரு பத்தி அநேகமாக இருக்கும். சட்டப்படி உங்கள்மேல் வராத பொறுப்பை ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்டால், அதற்குப் பாலிசி பணம் தராது. இதுவும் வழக்கமான விலக்குதான். ‘எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்டவற்றுக்கு மட்டும்’ என்ற சொற்களைச் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலான அமைப்பாளர்கள் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அவர்களும் உங்களிடம் ஒன்று கேட்பார்கள்: தங்கள் பெயரைக் கூடுதல் காப்பீடுதாரராகச் சேர்த்த சான்று. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு பக்கச் சான்று வெறும் தகவல். நிறுவனம் பாலிசி எண்ணோடு வெளியிடும் எண்டார்ஸ்மெண்ட்தான் செல்லும். அதில் குறுக்குப் பொறுப்புப் பிரிவும் இருக்கட்டும். இல்லையென்றால் அமைப்பாளரின் பணியாளர் உங்கள் ஸ்டாலில் அடிபட்டால், இருவரும் ஒரே பாலிசியில் இருப்பதாகச் சொல்லி நிறுவனம் ஒதுங்கக் கூடும்.

‘பந்தலை காண்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம், அவர் பாடு’ என்று நினைக்கும் அமைப்பாளர்களும் ஸ்டால்காரர்களும் மீரட் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2006 ஏப்ரல் 10 அன்று உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், விக்டோரியா பூங்காவில் போட்ட நுகர்பொருள் கண்காட்சிக் கூடாரம் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். வேலையைக் காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டதாக அமைப்பாளர்கள் சொன்னது உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. 2022 ஏப்ரலில் அமைப்பாளர்கள் 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. துணியும் மூங்கிலும் ஒயரும் சேர்ந்த எந்த விழாவுக்கும் இது பொருந்தும். பந்தல்காரரிடம் அவருடைய சொந்தப் பொறுப்புப் பாலிசியின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பாலிசியில் துணை ஒப்பந்ததாரர்களைச் சேருங்கள்.

பாலிசிகளில் ‘நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை உண்டு. சர்வேயர் அதை எப்படிச் சோதிப்பார்? மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருந்ததா என்று பார்ப்பார். உப்புக் காற்றில் பிளக் முனைகள் பாசி பிடித்தது போலப் பச்சையாகும். அந்தப் பச்சை புகைப்படத்தில் தெரிந்தால் பராமரிப்பு இல்லை என்று எழுதுவார். எர்த்திங் கம்பியை மேல்மணலில் செருகினால் போதாது. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரம் தொடும்வரை இறக்க வேண்டும். தீயணைப்பான் எங்கே இருந்தது, அழுத்தமுள் பச்சையில் இருந்ததா என்று கேட்பார். பிறகு சிலிண்டர். கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் 57 பார் அழுத்தத்தில் இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவநிலையே இல்லாமல் போய் அழுத்தம் வேகமாக ஏறும். வெயிலில் நிற்கும் மூடிய வேனுக்குள் இது விளையாட்டல்ல. 12 கெக்குக்கு ஏறத்தாழ 3 கிலோ வாயு போதும். 5 கிலோ சிலிண்டர் இரண்டு எடுத்துப்போனால் ஒன்று கையிருப்பு. நிழலில், நிறுத்திய நிலையில், சங்கிலியால் கட்டி வையுங்கள். தோளில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதி 5 ஆண்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கோடு நேராக இணைத்துவிட்டால் கெக் வெடிக்கும். 2012-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், பிளாஸ்டிக் கெக் ஒன்றைச் சுத்தம் செய்யும்போது அழுத்தம் மிகுந்து வெடித்துப் பணியாளர் ஒருவர் இறந்தார். உயர் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாத ரெகுலேட்டரை வாங்கவே வாங்காதீர்கள்.

பீரே காரணமானால்

வழுக்கி விழுந்தால் பொதுப் பொறுப்பு. குடித்த பீரால் உடம்புக்கு வந்தால்? அது பொருள் பொறுப்பு. பல பொதுப் பொறுப்புப் பாலிசிகளில் அது சேராது. உணவு, பானங்கள் என்ற கூடுதல் பிரிவை வாங்க வேண்டும், அல்லது தனிப் பொருள் பொறுப்புப் பாலிசி எடுக்க வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் ஆறாம் அத்தியாயம் தயாரிப்பாளர், சேவை தருபவர், விற்பவர் என மூவரையும் தனித்தனியே பொறுப்பாக்குகிறது. ப்ரூவரிக்காரர் விழாவில் நின்றால் அந்த மூன்று வேடமும் அவர் ஒருவருக்கே.

இந்தச் சட்டத்தில் நமக்கு முக்கியமான இரண்டு விஷயங்கள் உண்டு. வழக்கு எந்த ஆணையத்துக்குப் போகும் என்பதை, கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. 300 ரூபாய்க்கு ஒரு கப் வாங்கியவர் 2 கோடி கேட்டாலும் மாவட்ட ஆணையத்திலேயே தொடரலாம். மேலும், அவர் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே தொடரலாம். சனி, ஞாயிறில் இங்கே வரும் கூட்டம் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருவது. ஆகவே வழக்கும் அங்கிருந்து வரும்; வக்கீலும் அங்கே வேண்டும். பாலிசியின் எல்லை ‘இந்தியா முழுவதும்’ என்று இருக்கட்டும்.

புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசம். ஆனால் நம் பொறுப்புப் பாலிசிகள் கோரிக்கை வரும் தேதியைக் கணக்கில் கொள்பவை. ஆகஸ்ட் விழாவில் நடந்ததற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் நோட்டீஸ் வந்தால், அக்டோபரில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும்; முன்தேதி வரம்பும் (எந்தத் தேதி முதல் நடந்தவற்றைப் பாலிசி ஏற்கும் என்பது) ஆகஸ்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். ‘இந்த வருஷம் விழாவுக்குப் போகல, பாலிசி வேண்டாம்’ என்று விட்டவர்களும், நிறுவனத்தை மாற்றும்போது முன்தேதியைத் தொடரச் சொல்ல மறந்தவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விழாவுக்கு மட்டும் மூன்று நாள் பாலிசி எடுப்பதில் உள்ள பெரிய ஓட்டையும் இதுவே.

பீரில் என்ன தவறு நேரும்? நல்ல பீரில் நோய்க்கிருமி வளர்வது கடினம். அமிலமும் ஆல்கஹாலும் விடாது. ஆபத்து குழாயில் இருக்கிறது. டேப் லைனை 2 சதவீதக் காஸ்டிக் கரைசல் விட்டுச் சுத்தம் செய்வது வழக்கம். அவசரத்தில் சரியாக அலசாமல் முதல் கப்பை ஊற்றினால், குடித்தவரின் வாயும் தொண்டையும் வெந்துபோகும். அலசிய தண்ணீரை பி.ஹெச். தாளில் தொட்டுப் பாருங்கள்; குழாய்த் தண்ணீரின் நிறமே வர வேண்டும். தாளில் தேதி, நேரம் எழுதி ஒட்டி வையுங்கள். முதல் ஒரு லிட்டரைக் கீழே ஊற்றுங்கள். ஐஸிலும் கவனம் வேண்டும்: உண்ணத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் பாளம் கூலரின் சுருளைச் சுற்றிப் போடத்தான். கப்புக்குள் போவது வேறு பெட்டியில், வேறு கரண்டியோடு இருக்க வேண்டும்.

ஒரே முறையில் காய்ச்சிய ஒவ்வொரு பீர்த் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) இரண்டு பாட்டில் எடுத்து முத்திரையிட்டுக் குளிரில் வைத்திருங்கள். எந்தக் கெக் எந்தத் தொகுதி, எப்போது திறந்தது, என்ன வெப்பநிலை என்று ஒரு தாள். ஒரு வருஷம் கழித்து “உங்க பீரால்தான்” என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் தரப்பில் பேச அந்தத் தாள் இருக்க வேண்டும்.

கூலிக்கு வந்தவர்கள்

நிரந்தரப் பணியாளருக்கு இஎஸ்ஐ இருக்கலாம். விழாவுக்கென்று இரண்டு நாள் கூலிக்கு வரும் பையன்களுக்கு அது அநேகமாக இருக்காது. கெக் தூக்கும்போது முதுகு பிடிப்பதும் விரல் நசுங்குவதும் அவர்களுக்குத்தான். காண்ட்ராக்டர் மூலம் வந்தாலும் முதன்மை வேலை கொடுத்தவர் என்ற முறையில் பொறுப்பு உங்களிடம் வரும். 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தந்த கணக்குமுறை இது: உயிரிழப்புக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரியில் வந்த 15,000 ரூபாய் உச்சவரம்பில், 30 வயதுக்காரருக்கு 7,500 × 207.98, அதாவது 15,59,850 ரூபாய். தாமதித்தால் வட்டியும் அபராதமும் வேறு. அபராதத்தைப் பாலிசி ஏற்காது. பணியாளர் இழப்பீட்டுப் பாலிசியில் ‘தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, வெளியிட நிகழ்ச்சிகள் உட்பட’ என்று இரண்டு சொற்றொடர்கள் இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் எண்ணிக்கையைத் தந்து எடுக்கலாம். இதைச் செலவாகப் பார்க்கிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. விழா முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். கை நசுங்கிய பையன் அடுத்த மாதக் கூலிக்கு எங்கே போவான்?

மழை

ரத்துக் காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என இரண்டு புயல்கள் நம் வாசலிலேயே கரை கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி விழாவுக்கு முன்பணம் கட்டுகிறவர், மோசமான வானிலையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அடிப்படை ரத்துப் பாலிசியில் அது தானாக வராது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த பிறகு கேட்டால் எந்த நிறுவனமும் தராது. கூட்டம் குறைந்தது, விற்பனை இல்லை என்பதற்குப் பணம் கிடைக்காது. எந்த அதிகாரியின் உத்தரவால் அல்லது எந்த அளவு மழை, காற்றால் நின்றது என்று வரையறை எழுத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

கோரிக்கை வரும்போது

காப்பீட்டுச் சட்டம், 1938-ன் 64 விபி பிரிவின்படி பிரீமியம் கைக்கு வராமல் நிறுவனம் பொறுப்பை ஏற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை “போட்டாச்சு சார்” என்று முகவர் சொன்னது போதாது. பணம் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்த நேரம் பதிந்த ரசீது வேண்டும். விழாவுக்கு 15 நாள் முன்பே தொடங்கினால்தான் விலக்கை நீக்குவது, பெயர் சேர்ப்பது போன்ற கடிதப் போக்குவரத்துக்கு நேரம் இருக்கும்.

ஸ்டாலில் யாராவது அடிபட்டால் முதலுதவி செய்யுங்கள். ஜிப்மருக்கோ அரசு மருத்துவமனைக்கோ வண்டி பிடித்துக் கொடுங்கள். கூட ஓர் ஆளை அனுப்புங்கள். அதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆனால் ‘எங்க தப்புதான், செலவை நாங்க பார்த்துக்கிறோம்’ என்று எழுதியோ சொல்லியோ கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பது பாலிசியின் நிபந்தனையை மீறுவது. இடத்தை நாலு பக்கமும் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரும் எண்ணும் வாங்குங்கள், அன்றிரவே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் யாரும் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள். பின்னால் கேட்கப்படக் கூடிய சம்பவத்தை இப்போதே தெரிவித்துவைப்பது உங்கள் உரிமையைக் காக்கும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுத வேண்டாம். நகலை அன்றே அனுப்புங்கள்.

சரக்கு, கருவி போன்ற சொத்து நஷ்டத்தில் சர்வேயர் வரும்வரை உடைந்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வகுத்த காலக்கெடு. மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே இல்லையென்றாலோ, தனி உரிமையாளர்களும் குறுந்தொழில்களும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்வார். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். பங்குதாரர்கள் சேர்ந்து கம்பெனியாக நடத்தினாலும் குறுந்தொழில் பதிவு இருந்தால் இந்த வாசல் திறந்திருக்கும். பதிவுச் சான்றைப் பாலிசிக் கோப்பிலேயே வைத்திருங்கள்.

கடைசியாக, பாலிசியின் தொடக்க நாளும் முடிவு நாளும். விழா சனி, ஞாயிறு என்றால் பாலிசியும் சனி, ஞாயிறு என்று எடுத்துவிடுகிறார்கள். பந்தல் கால் நடுவது வெள்ளிக்கிழமை. பிரிப்பது திங்கள் காலை. இரவெல்லாம் கண் விழித்தவர்கள் அரைத்தூக்கத்தில் கம்பத்தை இறக்குவதும், காலிக் கெக்குகளை வண்டியில் வீசி ஏற்றுவதும் அந்தத் திங்கள் காலையில்தான். வெள்ளி முதல் திங்கள் நள்ளிரவு வரை எடுங்கள். பயணக் காப்பீட்டில் திரும்பி வரும் காலிக் கெக்குகளையும் சேருங்கள். இறக்கியதும் எண்ணிப் பார்த்து, போன எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று ஓட்டுநர் முன்னாலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.